மசினகுடி ஜீப் சவாரி: முன்பணம் போட்ட கதையும் காட்டுமாடு பார்த்த கதையும்

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். ஜீப்புக்கும் அதை ஓட்டிய தம்பிக்கும் ஐந்துக்கு நாலரை. அந்த ஜீப்பை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட்டுக்கு அரை மார்க் கூடக் கிடையாது. ஒரே சவாரிக்கு எப்படி இரண்டு மார்க் என்று கேட்கலாம். நீலகிரியில் முதுமலைக் காட்டை ஒட்டின மசினகுடிப் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. போனில் பேசுகிறவர் ஒருத்தர், வண்டி வைத்திருப்பவர் வேறொருத்தர். போன்காரர் மலையிலேயே இல்லாமல் கூட இருக்கலாம். நீங்கள் கொடுப்பதில் பாதியை அவர் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வண்டிக்காரர் கையில் கொடுப்பார். அவர் வாய்க்கு வந்தபடி கொடுத்த வாக்குறுதிகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியது, காலையில் ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக வந்து நிற்கிற அந்த டிரைவர்.

எனக்குக் காட்டுமாடு பார்க்க மசினகுடி போகவேண்டிய அவசியமே கிடையாது. குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் சாயங்காலம் ஏழெட்டு வந்து நிற்கும். தேயிலையைத் தொடாது, வரப்போரத்துப் புல்லைத்தான் மேயும். பால்காரர் வண்டியை அணைத்துவிட்டு அது நகரும் வரைக்கும் ஹார்ன் அடிக்காமல் உட்கார்ந்திருப்பார், நாங்களும் பாலுக்குக் காத்திருப்போம். குப்பை போடப் போனவரை முட்டியது, பறிக்கப் போன அம்மாவைத் துரத்தியது என்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு கதை காதில் விழும். அதனால் எங்களுக்கெல்லாம் அது அதிசயமில்லை. பக்கத்து வீட்டு முரட்டு மனுஷர் மாதிரி, பார்த்தால் ஒதுங்கி வழிவிட்டுப் போய்விடுவோம்.

இந்தத் தடவை போனது சித்தப்பா மகளும் அவள் வீட்டுக்காரரும் வந்ததால். இருபது வருஷமாக யூட்டாவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே போய் ஒட்டிக்கொண்ட பழக்கம் வேட்டை. தங்கச்சி அதைப் பற்றி யாரிடமும் பேசமாட்டாள், அவர் பேசாமல் இருக்கமாட்டார். வந்த அன்றைக்கே, கையில் காபி டம்ளரோடு பின்வாசலில் நின்று தேயிலைக்குள் இருந்த மாடுகளைப் பார்த்துவிட்டு, "மச்சான், இது தோட்டத்து மாடு. எனக்கு உங்க ஊர் பைசனைக் காட்டுக்குள்ள வச்சுப் பாக்கணும்" என்றார்.

அது பைசனே இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பலகையிலும் பத்திரிகையிலும் இந்தியன் பைசன் என்றுதானே போட்டிருக்கிறது என்றார். அது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன பெயர். அமெரிக்காவில் இருக்கிற பைசன் தாடியும் கம்பளி முடியும் வைத்த வேறு சாதி. நம்முடையது மாட்டுக்கு உறவுக்காரன். வடகிழக்கில் வீட்டில் வளர்க்கிற மிதுன் என்கிற மாடு இதன் வழியில் வந்ததுதான். பழைய பாடல்களில் ஆமா, ஆமான் என்று வருகிறதே, அது இது. பத்திரிகைக்குக் காட்டெருமை, மலையில் இருப்பவனுக்குக் காட்டுமாடு. எருமையும் கிடையாது, பைசனும் கிடையாது. அதே துரைமார்தான் நம்ம வரையாட்டுக்கு ஐபெக்ஸ் என்றும் கேளையாட்டுக்கு ஜங்கிள் ஷீப் என்றும் பெயர் வைத்தார்கள். மலையேறி வந்தவனுக்கு ஊரில் பார்த்த மிருகத்தின் பெயர்தான் வாயில் வந்திருக்கிறது.

சரி, ஏஜென்ட் கதைக்கு வருகிறேன்.

மாப்பிள்ளையே கைபேசியில் தேடி ஒரு நம்பரைப் பிடித்தார். பேசின ஆள் தேன் ஒழுகப் பேசினார். ராத்திரி ஒரு சஃபாரி, காலையில் ஒரு சஃபாரி, இரண்டும் சேர்த்து 6,000 ரூபாய், காட்டெருமை கியாரண்டி, சிறுத்தை அதிர்ஷ்டம் இருந்தால், முன்பணம் 3,000. எனக்கு அங்கேயே மூக்கில் வேர்த்தது. காட்டில் எதற்கும் யாரும் கியாரண்டி கொடுக்க முடியாது. அதைவிட, ராத்திரி சஃபாரி என்று ஒன்று முதுமலையில் கிடையவே கிடையாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளை ஜீபேயில் பணத்தைத் தட்டிவிட்டார். அமெரிக்காவில் பணம் கட்டினால் ரசீது வரும், ரசீது வந்தால் அது நடக்கும் என்கிற நம்பிக்கை அவருக்கு. நமக்கு வந்தது ஒரு கைகூப்பும் படம்.

அப்புறம் வண்டி. ஊட்டி, கொடைக்கானல் இரண்டுக்கும் 2024 மே 7ஆம் தேதியிலிருந்து இ-பாஸ் வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும், உயர்நீதிமன்ற உத்தரவு அது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள். நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. உள்ளூர் டிஎன் 43 வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸுக்கும் இது பொருந்தாது. கோயம்புத்தூரில் வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாஸ் வண்டி நம்பருக்குத்தான், ஆளுக்கு இல்லை. தங்கச்சி முதல் நாளே ஒழுங்காகப் பாஸ் எடுத்து வைத்திருந்தாள். காலையில் வாடகைக்காரர்கள் வேறு காரை அனுப்பிவிட்டார்கள், கேட்டால் அந்த வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம். கல்லாறில் வண்டியை ஓரங்கட்டி, சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக, கைபேசியைக் காருக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு புதிதாகப் பாஸ் எடுத்து முடிக்க முக்கால் மணி நேரம். அதே இடத்தில் டிக்கியில் இருந்த ஒரு கட்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் போயிற்று. நீலகிரிக்குள் அந்தப் பாட்டிலுக்குத் தடை, இது ஊரறிந்த விஷயம், ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் டிக்கி நிறையக் கொண்டு வருகிறார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். வழியில் தண்ணீர் பிடிக்க இயந்திரம் வைத்திருக்கிறார்கள்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இரண்டு வழி. கல்லட்டி வழி குட்டை, முப்பதுக்குக் கிட்டத்தட்ட கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டி அந்த வழியில் ஊட்டியிலிருந்து இறங்க முடியாது; 2018இல் நடந்த ஒரு கோர விபத்துக்கு அப்புறம் இறக்கத்தில் உள்ளூர் வண்டியை மட்டும்தான் விடுகிறார்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் நடுவழியில் அது சூடேறிக் கையை விரிக்கும், சமவெளிக்காரர்களுக்கு இரண்டாவது கியரில் இறங்கிப் பழக்கமில்லை. இன்னொரு வழி பைக்காரா, நடுவட்டம், கூடலூர் சுற்றித் தெப்பக்காடு வந்து சேர்வது, அது இரண்டு மடங்குக்கு மேல். என் பழைய மாருதி டிஎன் 43 என்பதால் நாங்கள் வாடகைக் காரைக் குன்னூரிலேயே நிறுத்திவிட்டு அதில் நாலு பேரும் அமுங்கி உட்கார்ந்து கல்லட்டியில் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதின பலகை இருக்கும். மாப்பிள்ளை முதல் பத்து வளைவை வாய்விட்டு எண்ணினார், அப்புறம் வாய் திறக்கவில்லை.

முதுமலைக் காப்பகத்தின் வாசலான தெப்பக்காட்டில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். புலிகள் காப்பக வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள் இல்லையா, கோர் என்கிற நடுக்காடு ஒரு நிறம், அதைச் சுற்றின பஃபர் ஒரு நிறம். அதைப் பார்த்துவிட்டு மிகவும் இயல்பாக, "இதுல சுடற ஜோன் எது மச்சான்?" என்றார். பக்கத்தில் நின்ற வனக் காவலர் திரும்பிப் பார்த்தார். தங்கச்சி முழங்கையால் இடித்தாள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு ஜோன் என்றால் அதுதான். யூட்டாவில் ஹென்றி மலை என்று ஒரு வறண்ட மலை. 1941இல் யெல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து 18 பைசனைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் விட்டார்கள், அதிலிருந்து பெருகியதுதான் இன்றைக்கு அங்கே இருக்கிற மந்தை. வேலியில்லாமல் திரிகிறது. கூட்டம் மலை தாங்குகிற அளவைத் தாண்டாமல் இருக்க வருஷா வருஷம் கொஞ்சம் பேருக்குச் சீட்டு குலுக்கி அனுமதி கொடுப்பார்கள். ஒருத்தனுக்கு ஜென்மத்துக்கு ஒரே தடவைதான் அந்தச் சீட்டு, அங்கே சட்டத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். இவர் பல வருஷம் விண்ணப்பம் போட்டுப் போட்டுத்தான் கிடைத்திருக்கிறது. எந்த வட்டாரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, காளையா பசுவா, எல்லாம் சீட்டிலேயே இருக்கும். அப்புறம் வண்டி விதி. குறிப்பிட்ட பாதையை விட்டு வண்டி ஒரு அடி இறங்கக்கூடாது, வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு சுடக்கூடாது. மாடு விழுந்த இடம் பாதையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரமும் கறியை முதுகில் சுமந்தோ குதிரையில் ஏற்றியோ கொண்டுவர வேண்டும். இவரும் மூன்று நண்பர்களும் இரண்டு நாள் சுமந்தார்களாம். மூன்றாவது நடையில் முட்டி போய்விட்டது என்று பேண்ட்டை மடித்துத் தழும்பைக் காட்டினார். சுட்டதைவிடச் சுமந்த கதைதான் நீளம்.

நான் அவருக்கு நம்ம கதையைச் சொன்னேன். இங்கேயும் ஒரு காலத்தில் சீட்டு இருந்தது. துரைமார் கண்டபடி சுட்டுத் தள்ளி, வரையாடு கண்ணில் படுவதே அபூர்வம் என்று ஆனபோது, 1877இல் அவர்களே ஊட்டியில் வேட்டைக்காரர் சங்கம் ஒன்று கூட்டினார்கள். 1879இல் நீலகிரிக்கென்றே தனியாக வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் காட்டுமாட்டைப் பைசன் என்றுதான் எழுதியிருக்கிறது. உரிமம், கட்டணம், குட்டி போடுகிற மாதத்தில் சுடக்கூடாது என்கிற மூடு காலம் எல்லாம் உண்டு. யூட்டாவில் இன்றைக்கு நடப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அப்புறம் 1940இல் முதுமலை சரணாலயம் ஆயிற்று, 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, காட்டுமாடு முதல் அட்டவணையில் ஏறியது, சீட்டுக் கதை அதோடு முடிந்தது. இப்போது சுட்டால் குறைந்தது 3 வருஷம், 7 வருஷம் வரை உள்ளே. 2007இல் புலிகள் காப்பகம். கோர் 321 சதுர கிலோமீட்டர், அதைச் சுற்றிப் பஃபர். ஆக, இங்கே ஜோன் என்று கோடு போட்டிருப்பது மாட்டுக்கு இல்லை, நமக்கு. நாம் எது வரைக்கும் போகலாம் என்பதுதான் அந்த நிறம்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்போ இங்கே கூட்டம் அளவுக்கு மேல் போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அது நல்ல கேள்விதான். இந்தக் காட்டில் அதற்குப் புலி இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. வியாதியும் வந்திருக்கிறது. 1968இல் வெக்கை நோய் வந்து முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் காட்டுமாடு கொத்துக் கொத்தாகச் செத்தது. வீட்டு மாட்டிடமிருந்து ஒட்டியது. ஊர் மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டுப் போட்டு, 2011இல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்த பிறகுதான் அந்தப் பயம் விட்டது. தொலைந்துபோன மந்தை திரும்பி வந்து இப்போது எங்கள் பின்வாசல் வரைக்கும் நிற்கிறது.

அன்றைக்கு மத்தியானமே தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வேனில் ஒரு சுற்றுப் போனோம். ஆன்லைனில் முன்கூட்டியே போட்டுவிட்டால் நிம்மதி. காப்பகத்துக்குள் போகச் சட்டப்படி இருக்கிற வழி இதுதான், இதை விட்டுவிட்டுத் தனியாரைத் தேடி ஓடாதீர்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். புள்ளிமான் ஏராளம், யானை மூன்று, மயில், தூரத்தில் ஒரு கடமான். காட்டுமாடு ஒரு கூட்டம் உண்ணிச்செடிப் புதருக்குள் இருந்தது, முதுகு மட்டும் தெரிந்தது. ஓட்டுநர் நிறுத்திக் காட்டினார். ஆனால் மாப்பிள்ளைக்கு முதுகு போதவில்லை.

சாயங்காலம் மசினகுடி வந்து ஹோம்ஸ்டேயில் பையை வைத்துவிட்டு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டோம். எட்டு மணிக்கு ஜீப் வரும் என்றார். எட்டரைக்கு வந்தது. வந்த தம்பிக்கு முப்பது வயசு இருக்கும், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வண்டியை நிறுத்தினார், இறங்கினார், எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "அண்ணா, உங்ககிட்ட நைட் சஃபாரின்னு சொல்லியிருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அது கிடையாதுண்ணா. ராத்திரி காட்டுக்குள்ள ஏத்த எங்க யாருக்கும் பர்மிஷன் இல்ல. புடிச்சா உங்களுக்கு ஃபைன், எனக்கு வண்டியே போயிரும். அவர்கிட்ட எத்தன தடவ சொன்னாலும் புக்கிங் எடுத்துர்றாரு. காலைல அஞ்சே முக்காலுக்கு வர்றேன், ரோட்ல வச்சு என்ன தெரியுதோ அத காட்டறேன்" என்றார்.

மூன்று தெரு தள்ளிப் போய், டார்ச் அடித்து, நாலு மான் கண்ணைப் பளபளக்க வைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம் அவர். இங்கே அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பற்றி ஊரில் தெரியாதவர்களும் இல்லை. எட்டரை மணிக் குளிரில் டீசல் செலவு செய்து நேரில் வந்து முடியாது என்று சொல்லிவிட்டுப் போனதற்காக மட்டுமே நான் மூன்று மார்க் கொடுத்துவிட்டேன், மீதி ஒன்றரை மறுநாள் காலைக்கு.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை, ராத்திரி விஷயத்தில். தெப்பக்காட்டைத் தாண்டிப் பந்திப்பூர் வழியாக மைசூர் போகிற சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 2009இலிருந்து அப்படித்தான், கர்நாடக உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ஆம்புலன்சும் எண்ணி ஒன்றிரண்டு பஸ்ஸும்தான் போகும். ஒன்பது தாண்டிக் கக்கநல்லா சோதனைச் சாவடியில் வந்து நின்றுகொண்டு சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பகலிலும் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தக்கூடாது, இறங்கக்கூடாது, குரங்குக்கு பிஸ்கட் போடக்கூடாது. அங்கங்கே எழுதியும் வைத்திருக்கிறார்கள். எழுதின பலகைக்குக் கீழேயே காரை நிறுத்திச் செல்ஃபி எடுப்பது தனிக் கலை.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தம்பி டாண் என்று வந்து நின்றார். வண்டி பழைய மஹிந்திரா, மேலே தார்ப்பாய், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்ச். பின் சீட்டு ஸ்பிரிங் செத்துப்போய் ரொம்ப நாள் ஆகியிருக்கும் போல, ஒவ்வொரு குழிக்கும் முதுகெலும்பு எண்ணிக்கை சரிபார்க்கப்படுகிறது. இடுப்பு வலி உள்ளவர்கள் தலையணை கொண்டு போங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரை மார்க் குறைத்தது இதற்குத்தான். வண்டி எடுக்கும் முன்னால் மூன்று விஷயம் சொன்னார்: சென்ட் வாசனை வேண்டாம், போனில் பாட்டு வேண்டாம், நான் சொன்னால் தவிர யாரும் எழுந்திருக்க வேண்டாம். சென்ட் போட்டிருந்தது மாப்பிள்ளைதான்.

தனியார் ஜீப் காப்பகத்துக்குள் போக முடியாது. போகிற வழியெல்லாம் ஊருக்குப் போகிற பொதுச் சாலைகள்: மோயாறு ரோடு, பொக்காபுரம், சிங்காரா, மாவனல்லா, வாழைத்தோட்டம். இது தெரிந்து ஏறினால் ஏமாற்றம் இருக்காது. ஆனால் இந்தச் சாலைகள் இருப்பது சீகூர் பீடபூமியில், யானை கிழக்கும் மேற்கும் போய்வருகிற வழியில். அந்த வழித்தடத்தை 2020இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது, இந்தப் பக்கம் ரிசார்ட்டுகள் சீல் வைக்கப்பட்டதெல்லாம் அந்த வழக்கை ஒட்டித்தான். அதனால் பொதுச் சாலையிலேயே மிருகம் குறுக்கே வரும், சில நாள் உள்ளே போன வேனைவிட அதிகமாக. சில நாள் மயிலும் நாயும்தான்.

எங்களுக்கு அன்றைக்கு மரவகண்டி அணையைத் தாண்டி மோயாறு ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் கிடைத்தது. இன்னும் வெயில் வரவில்லை, புகை மாதிரிப் பனி தரையோடு படுத்திருந்தது. தம்பி வேகத்தைக் குறைத்தார். நான் எதையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளைதான் முதலில் பார்த்தார், விரலால் கூடக் காட்டாமல் தாடையால் காட்டினார். பாறை என்று நினைத்ததற்குக் கீழே நாலு வெள்ளைக் கால். முழங்காலிலிருந்து கீழே பால் வெள்ளை, மேலே தார் பூசின கறுப்பு. ஒற்றைக் காளை. தோள் உயரம் என் நெற்றிக்கு வரும். முதுகுத் தண்டில் ஒரு மேடு கழுத்திலிருந்து பாதி முதுகு வரைக்கும் ஓடி அங்கே படியிறங்கின மாதிரி நிற்கிறது. கொம்பு அடியில் மஞ்சள் பாய்ந்து வரிவரியாக, நுனி கறுத்து மழுங்கி. "வயசானது. கூட்டத்த விட்டு வந்துருக்கு" என்று மாப்பிள்ளை கிசுகிசுத்தார். தம்பி கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். வேட்டைக்காரர் கண் என்பது வேறுதான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அது மேய்வதை நிறுத்தியது. எங்களை நேராகப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி, உடம்பின் முழு நீளமும் எங்களுக்குத் தெரிகிற மாதிரிச் சாலைக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டது. தலையைத் தாழ்த்தி மூக்கால் ஒரு சீறல். குக்கர் வெயிட் கிளம்பும் முன்னால் வருமே ஒரு சத்தம், அதுபோல. எனக்கு அது வழி மறிக்கிற மாதிரிக் கூடத் தெரியவில்லை, சும்மா நிற்கிறது என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு, "தம்பி, இன்னும் ஒரு இருபது அடி போங்க, லைட் நல்லாருக்கு" என்றார். 500 ரூபாய்த் தாளையும் முன்சீட்டுப் பக்கம் நீட்டினார்.

"சார், அது சைடு காட்டுது. நான் எவ்ளோ பெருசுன்னு பாத்துக்கோன்னு சொல்லுது. இப்ப நாம போகக்கூடாது, பின்னால வரணும்" என்று சொல்லிவிட்டு, தாளைத் தொடாமல், கண்ணைக் காளையிலிருந்து எடுக்காமல், வண்டியைப் பின்னால் எடுத்தார். ஆக்ஸிலேட்டர் உறுமாமல், ஒரு நூறு அடி இருக்கும், வளைவு வரைக்கும் வந்து எஞ்சினை ஓடவிட்டே நின்றார். நாங்கள் ஒதுங்கியதும் காளைக்கு எங்கள் மேல் இருந்த அக்கறை போய்விட்டது. பத்து நிமிஷம் அங்கேயே நின்று, காலால் மண்ணைக் கிளறி, வாலால் முதுகைத் தட்டிக்கொண்டு, அப்புறம் தனக்குத் தோன்றியபோது எதிர்ப்பக்கம் இறங்கியது. அவ்வளவு பெரிய உடம்பு புதருக்குள் போனபோது ஒரு குச்சி முறிகிற சத்தம் கூடக் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்கு அந்த நூறு அடியிலேயே நல்ல படம் கிடைத்தது. ஹோம்ஸ்டே திரும்பி வந்து தோசை சாப்பிடும்போது அவராகவே சொன்னார், அங்கேயும் வருஷா வருஷம் யெல்லோஸ்டோனில் காரை விட்டு இறங்கிப் பைசன் பக்கத்தில் போய் முட்டு வாங்குகிறவர்கள் உண்டாம். "நான் சுடறப்ப கூட இவ்ளோ பக்கத்துல போனதில்ல மச்சான். இங்க சும்மா பாக்கறதுக்கே கிட்ட போகச் சொன்னேன் பாருங்க" என்று தலையில் தட்டிக்கொண்டார். தங்கச்சி இன்னொரு தோசை வைத்தாள், ஒன்றும் பேசவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் இருபது வருஷப் பேச்சு அதில் இருந்தது.

மீதி ஒன்றரை மணி நேரத்தில் சிங்காராப் பக்கம் யானைக் கூட்டம் ஒன்று தூரத்தில், கீரி, ஒரு மலபார் அணில். 1932லிருந்து ஓடுகிற பைக்காரா மின்சாரம் இந்தச் சிங்காராவில்தான் இறங்குகிறது. அதன் குழாய்கள் மலையிலிருந்து இறங்குவதைக் காட்டினார், அது எங்கள் கணக்கில் இல்லாத போனஸ். மாவனல்லா தாண்டி வானத்தில் ஒரு பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, வட்டமடித்தது. வெள்ளை முதுகு, எங்கள் அப்பா காலத்தில் செத்த மாடு கிடந்தால் நூறு இறங்கும் என்பார். மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் ஊசி மருந்தால் இந்தியா முழுக்கச் செத்தொழிந்தது. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில் ஒரு பங்கு இந்த மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. தம்பி வண்டியை ஓரத்தில் மெதுவாக்கி, காட்டுமாட்டுக்குக் காட்டாத உற்சாகத்தோடு அதைக் காட்டினார். எனக்கும் அன்றைக்குப் பார்த்ததில் அதுதான் பெரியது. மாப்பிள்ளை வழுக்கைத் தலைக் கழுகுதானே என்றார், விட்டுவிட்டேன்.

எட்டரைக்குத் திரும்பிவிட்டோம். பணக் கணக்கு பேசும்போதுதான் தெரிந்தது, இந்த முழுக் காலைக்கும் ஏஜென்ட் அவருக்குப் பேசியிருந்தது 1,300 ரூபாய். எங்களிடம் வாங்கப் பார்த்தது ராத்திரியும் சேர்த்து 6,000. மீதி 3,000 ஏஜென்ட்டுக்குக் கொடுக்காமல் அதைத் தம்பி கையிலேயே கொடுத்தோம். அவர் 2,000 எடுத்துக்கொண்டு ஆயிரத்தைத் திருப்பிக் கொடுத்தார், இங்கே நேராகக் கேட்டால் அதுதான் ரேட் என்றார். அவர் நம்பரை இங்கே போடமாட்டேன், கேட்காமல் போடுவது முறையில்லை. மசினகுடியில் எந்த ஹோம்ஸ்டேயில் தங்கினாலும் வீட்டுக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி கூட்டிக்கொண்டு போகிற ஜீப் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். அதெல்லாம் கிடையாது, காலையில்தான் என்று யார் சொல்கிறாரோ அவரிடம் வண்டி கேளுங்கள்.

மார்கழி, தை மாதத்தில் போகிறவர்கள் குல்லா எடுத்துக்கொள்ளுங்கள், திறந்த ஜீப்பில் காது விறைக்கும். மாசி, பங்குனியில் காடு காய்ந்துவிடும், காட்டுத்தீ பயத்தில் சில சமயம் வனத்துறை வேனையே நிறுத்திவிடுவார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். முதல் மழை விழுந்து புல் துளிர்க்கிற சமயம்தான் காட்டுமாடு கூட்டமாக வெளியில் தெரியும் என்று தம்பி சொன்னார். திரும்பும்போது கல்லட்டி ஏற்றத்துக்கு வெளியூர் வண்டிக்கும் தடையில்லை, ஆனால் முழு லோடு ஏற்றின சின்னக் கார் என்றால் நடுவில் ஒரு தடவை நிறுத்தி எஞ்சினை ஆறவிடுங்கள். என் மாருதி இருபத்திரண்டாவது வளைவில் கேட்டது.

முன்பணம் 3,000இல் நடக்காத ராத்திரிச் சவாரிக்கு உண்டான பாதியைத் திருப்பித் தரச் சொல்லி ஏஜென்ட்டுக்கு இதுவரை ஏழு தடவை போன் செய்துவிட்டேன். மூன்று தடவை எடுத்தார். கடைசியாகப் போன வாரம் ஒரு மெசேஜ் வந்தது: அடுத்த சீசனில் வாங்க சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், சிறுத்தை கியாரண்டி.